வாடகை மண்டபத்துக்குள் வந்துவிட்ட கேள்வி: ஒருபால் உறவும் லண்டன் தமிழ்ச் சபைகளும்

நவம்பர் நடுப்பகுதி வந்துவிட்டால் தென்கிழக்கு லண்டனின் தமிழ்ச் சபைகளில் ஒளிவிழா ஒத்திகை தொடங்கிவிடும். லூயிஷாம், கட்ஃபோர்ட், லீ பக்கங்களில் காலை ஆங்கில ஆராதனை முடிந்த கோவிலையோ அதன் பக்கத்து மண்டபத்தையோ வாடகைக்கு எடுத்துப் பிற்பகலில் கூடுகிறோம். பெரியவர்கள் கீர்த்தனை பாடிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் மேய்ப்பர் வேடத்துக்குத் தலைப்பாகை தேடுவார்கள். பின்னால் தேநீரும் ரோல்ஸும் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளாக அந்தத் தேநீர் மேசையில் இன்னொரு கதையும் சேர்ந்து வருகிறது. கோவில் வாசலில் வானவில் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறதே, இனியும் இந்த மண்டபத்தில் நாம் ஆராதிப்பது சரியா? வேறு இடம் பார்ப்போமா? பெரும்பாலும் ஒரே மறுமொழியோடு அந்தக் கதை முடிந்துவிடும்: "அது வெள்ளைக்காரரின்ரை பிரச்சினை, எங்களுக்கு ஏன்?"

அது எங்கள் பிரச்சினையும்தான் என்பது எமது கருத்து. அதைச் சொல்வதற்கு முன், என்ன நடந்தது என்பதைச் சரியாக அறிந்துகொள்வது நல்லது. எம்மவர்களுக்குள் பரவியிருக்கும் செய்தியில் பாதி தவறு.

இங்கிலாந்துத் திருச்சபை ஒருபால் திருமணத்தை ஏற்கவில்லை. 2013இல் நாடாளுமன்றம் அத்தகைய திருமணத்தைச் சட்டமாக்கியபோதே, இங்கிலாந்துத் திருச்சபையின் கோவில்களில் அது நடக்க முடியாதபடி சட்டத்திலேயே பூட்டுப் போடப்பட்டது. 2014 மார்ச் 29இல் முதல் திருமணங்கள் நடந்தன. அவற்றில் ஒன்றுகூட அந்தத் திருச்சபையின் பீடத்தின் முன் நடக்கவில்லை. இன்றும் அதுவே நிலை. மாறியது வேறு. 2023 ஜனவரியில் ஆயர்கள், திருச்சபை தன்பாலீர்ப்புக் கொண்டவர்களை நடத்திய விதத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். அதே ஆண்டு பெப்ரவரி 9இல் பொதுச் சங்கம் இரண்டு நாள் விவாதத்துக்குப் பின் வாக்களித்தது. ஆயர்களில் 36 பேர் ஆதரவு, 4 பேர் எதிர்ப்பு. குருமாரில் 111க்கு 85. பொதுநிலையினரில் 103க்கு 92. அதன் விளைவாக 2023 டிசெம்பர் 17 முதல், ஒருபால் இணையருக்காகச் சில மன்றாட்டுகளை வழமையான ஆராதனைக்குள் சொல்லலாம் என்றானது. விரும்பாத குருவானவர் சொல்லத் தேவையில்லை. சொல்ல மறுத்தவரை யாரும் தண்டிக்கவும் முடியாது.

அதற்கு மேலே போக முயன்றபோது வண்டி நின்றுவிட்டது. இந்த ஒருபால் மன்றாட்டுகளுக்கெனத் தனி ஆராதனை நடத்துவதென்றால், பொதுச் சங்கத்தின் மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று 2025 ஒக்டோபரில் ஆயர்கள் அறிவித்தார்கள். மேலே உள்ள கணக்கைப் பாருங்கள். பொதுநிலையினரின் 103க்கு 92 என்பது பாதியைச் சற்றே தாண்டிய எண்ணிக்கை. மூன்றில் இரண்டு வெகு தூரம். ஒருபால் திருமணம் செய்த ஒருவர் குருவானவராகப் பணியாற்றுவதற்கும் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். ஆக, ஒரு தரப்புக்குத் திருச்சபை வேதத்தைக் கைவிட்டுவிட்டது. மறு தரப்புக்கு அது வாசல்வரை கூட்டி வந்து கதவைச் சாத்திவிட்டது. இரு தரப்பும் ஒரே கோபத்தோடு எழும்பிப் போகக்கூடிய ஓர் ஏற்பாட்டைச் செய்வதற்கு ஆங்கிலேயரால்தான் முடியும்.

லூயிஷாம் இந்தக் கதையின் ஓரத்தில் இருக்கும் ஊர் அல்ல. அது சதர்க் மறைமாவட்டத்துக்குள், வூலிச் ஆயரின் பகுதியில் வருகிறது. 1996 நவம்பரில், ஒருபாலினக் கிறிஸ்தவர்களின் இயக்கம் ஒன்று தன் இருபதாம் ஆண்டு ஆராதனையை நடத்தியது சதர்க் பேராலயத்தில்தான். அன்று அது பெரும் சர்ச்சையானது. 2003இல் அதே பேராலயத்தின் கனன் ஜெஃப்ரி ஜோன் ரெடிங் ஆயராக நியமிக்கப்பட்டார். அவர் தம் தன்பாலீர்ப்பை மறைக்காதவர். நீண்டகாலத் துணை உண்டு. துறவு ஒழுக்கத்தோடு வாழ்வதாகவும் சொன்னார். அதாவது திருச்சபையின் விதியை அவர் மீறவில்லை. ஆனாலும் எதிர்ப்புப் பெருகவே, அப்போதைய கன்ரபரிப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் யூலையில் அவர் விலகினார். அதன் எதிரொலியாகப் புட்னியில் பிறந்ததுதான் 'இன்குளூசிவ் சேர்ச்' என்ற வலையமைப்பு. இன்று தென் லண்டனின் பல கோவில்களின் பலகைகளில் நாம் காண்பது அந்தப் பெயர். புட்னியும் சதர்க் மறைமாவட்டமே.

மற்றச் சபைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை 2021 யூன் 30இல் 254க்கு 46 என்ற வாக்கில் ஒருபால் திருமணத்தை அனுமதித்தது. மனச்சாட்சி இடம்கொடாத போதகருக்கும் சபைக்கும் விலக்கு உண்டு. எம்மில் மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அவர்களுக்கு 2023 டிசெம்பர் 18இல், அங்கிலிக்கன் மன்றாட்டுகள் நடைமுறைக்கு வந்த மறுநாளே, வத்திக்கான் ஓர் அறிக்கையை விட்டது. ஒருபால் இணையர் ஆசீர் கேட்டால் குரு அதை அளிக்கலாம். ஆனால் அது வழிபாட்டுச் சடங்காக இருக்கக்கூடாது, திருமணம் போலத் தோன்றக்கூடாது. சில வாரங்களில் வந்த விளக்கமோ அந்த ஆசீர் பத்துப் பதினைந்து விநாடிதான் என்றது. ஆபிரிக்க ஆயர்கள் ஒன்றுகூடி, தங்கள் நாடுகளில் அதைச் செய்யப்போவதில்லை என்று 2024 ஜனவரியில் சொன்னார்கள். மறைக்கல்வி நூல் மாறவில்லை. அது அந்த உறவை ஒழுங்கற்றது என்கிறது. அடுத்த பத்தியிலேயே அந்த மனிதரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்கிறது. எமது மறையுரைகளில் முதல் பத்தியைக் கேட்டிருக்கிறோம். இரண்டாவதைக் கேட்ட நினைவு குறைவு.

இனி, இது ஏன் எமது விடயம்?

இலங்கைத் திருச்சபையின் கொழும்பு, குருநாகல் மறைமாவட்டங்கள் இரண்டும் எந்த அங்கிலிக்கன் மாகாணத்திலும் சேராதவை. அவற்றின் தலைமைப் பேராயர் கன்ரபரிப் பேராயரே. சுண்டிக்குளியில் திருமுழுக்குப் பெற்று லூயிஷாமில் வாழும் ஒருவருக்கு, இங்கேயும் அங்கேயும் மேலே இருப்பவர் ஒருவர்தான். 2025 ஒக்டோபர் 3இல் அந்தப் பதவிக்கு அறிவிக்கப்பட்ட சாரா முலலி, இந்த ஆசீர்வாத விவகாரத்தின் முக்கிய கட்டங்களில் ஆயர்களின் குழுவை வழிநடத்தியவர். அவர் அறிவிக்கப்பட்டு இரண்டு வாரம் ஆகுமுன்பே, 'காஃப்கொன்' என்ற பழமைவாத அங்கிலிக்கன் அணி கன்ரபரியோடு உள்ள உறவை மறுத்துத் தனி ஐக்கியத்தை அறிவித்தது. இந்த இழுபறியில் இலங்கைத் திருச்சபைக்கு, மற்ற மாகாணங்களைப்போல ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் வசதி இல்லை.

அடுத்தது சட்டம். தன்பாலீர்ப்பு மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று எம்மவர் அடிக்கடி சொல்வார்கள். மேற்கிலிருந்து வந்தது தண்டனைதான். இலங்கைத் தண்டனைக் கோவையின் 365ஆம் பிரிவு 1883இல் பிரித்தானிய ஆட்சி எழுதியது. பத்து ஆண்டுவரை சிறை. 365அ பிரிவு முன்பு ஆண்களை மட்டும் குறித்தது. 1995இல் அதைத் திருத்தி, நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள். எழுதியவர்கள் தம் வீட்டில் அதை 1967இலேயே நீக்கிவிட்டார்கள். அப்போது கன்ரபரிப் பேராயராக இருந்த மைக்கல் ராம்சே பிரபுக்கள் சபையில் நீக்கத்தை ஆதரித்தார். அந்த உறவு பாவம் என்றே அவர் நம்பினார். பாவம் எல்லாம் குற்றமாக வேண்டியதில்லை என்றும் நம்பினார். எமது போதகர்கள் இந்த ஒரு வேறுபாட்டையாவது மேடையில் சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் மூச்சு விட முடிந்திருக்கும். இலங்கையில் அந்தப் பிரிவுகளை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மேயில் உயர் நீதிமன்றம் கூறியது. நாடாளுமன்றம் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவராமலே 2024இல் கலைந்தது.

வேதம் என்ன சொல்கிறது என்பதைத் தட்டிக்கழித்துவிட்டு எந்தக் கிறிஸ்தவக் குடும்பத்தோடும் இதைப் பேச முடியாது. பேசவும் கூடாது. பாரம்பரிய நிலையை எடுப்பவர்களின் பலம், சோதோம் கதையிலோ லேவியராகமத்தின் இரண்டு வசனங்களிலோ இல்லை. ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் ஆணும் பெண்ணுமாகப் படைக்கப்பட்டதையும், மத்தேயு 19இல் இயேசு அதையே எடுத்துச் சொன்னதையும் அவர்கள் அடித்தளமாகக் கொள்கிறார்கள். அது இலகுவாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. மாற்றம் வேண்டுவோர் சொல்வது: பவுல் கண்டது அடிமைச் சிறுவரைப் பயன்படுத்திய ரோம உலகம், இரண்டு பெரியவர்கள் உண்மையாயிருப்பதாக வாக்குக் கொடுத்து வாழும் வாழ்வை அவர் கண்டதில்லை. அதுவும் இலகுவாகத் தள்ளக்கூடியதல்ல.

ஆனால் தமிழ் வாசகராக எமக்கு ஒரு தனிக் கேள்வி இருக்கிறது. 1 கொரிந்தியர் 6:9இல் பவுலின் கிரேக்கச் சொல் 'மலக்கோய்'. மென்மையானவர் என்பது அதன் நேர்ப் பொருள். மத்தேயு 11:8இல் அரச மாளிகையின் 'மெல்லிய' ஆடைக்கும் அதே சொல்தான். 1611இன் ஆங்கில வேதாகமம் அதைப் பெண்தன்மையுள்ளவர் என்ற பொருளில் மாற்றியது. எங்கள் வீடுகளில் இருக்கும் தமிழ் வேதாகமம், ஹென்றி பவர் தலைமையில் 1871 அளவில் முழுமையடைந்த பதிப்பு, அந்த இடத்தில் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று எழுதியது. அடுத்த சொல் 'அர்செனோக்கொய்த்தாய்'. லூதர் அதைச் சிறுவரைக் கெடுப்பவர் என்றார். பவர் 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்றார். 1946இல் ஓர் அமெரிக்கப் பதிப்பு இரண்டு கிரேக்கச் சொற்களையும் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்' என்று ஒரே சொல்லாக்கியது, பிறகு 1971இல் அதையே மாற்றியது. இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: அந்த இரண்டாவது கிரேக்கச் சொல் லேவியராகமம் 20:13இன் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து பவுல் கோத்தெடுத்ததாக இருக்கலாம் என்பது பாரம்பரியத் தரப்பின் வலுவான விளக்கம். முடிவு எதுவானாலும், ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் பெயரை அந்தப் பட்டியலில் திருடருக்கும் குடிகாரருக்கும் பக்கத்தில் வாசிக்கிறது என்றால், அந்தச் சொல் எப்படி அங்கே வந்தது என்று சொல்லிக்கொடுக்கும் கடமை வாசிக்கக் கொடுத்தவருக்கு உண்டு.

மறைந்துபோன ஒருவரும் இருக்கிறார். அப்போஸ்தலர் 8இல் காசாவுக்குப் போகும் வழியில் பிலிப்பு திருமுழுக்குக் கொடுத்த எத்தியோப்பியர், கிரேக்க மூலத்தில் ஓர் அண்ணகர். லூக்கா அதை ஒருமுறையல்ல, திரும்பத் திரும்பச் சொல்கிறார். எமது பழைய தமிழ்ப் பதிப்பில் அவர் 'மந்திரி'. அந்தச் சொல் அரச அதிகாரியையும் குறித்தது என்பதால் மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் உபாகமம் 23 அண்ணகரைச் சபையிலிருந்து விலக்கியது, ஏசாயா 56 அவர்களுக்கு இடம் உண்டென்றது, இந்த மனிதர் தேரில் வாசித்துக்கொண்டிருந்ததும் அதே ஏசாயா சுருளைத்தான் என்ற தொடர்ச்சி முழுவதும் தமிழ் வாசகருக்கு அறுந்துபோயிற்று. அண்ணகரும் தன்பாலீர்ப்புக் கொண்டவரும் ஒன்றல்ல; அப்படி இழுத்துப் பொருத்துவது நேர்மையல்ல. ஆனாலும் எமது ஞாயிறுப் பாடசாலைகளில் நாற்பது ஆண்டு அந்தக் கதையைக் கேட்டவர்கள், அவர் வாசலில் நின்ற ஒருவர் என்பதை அறியாமலே கேட்டோம். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியவர் ஆறுமுக நாவலர். அந்த 1850ஆம் ஆண்டுப் பதிப்பு நிலைக்காமல் போனது வேறு கதை. சொல்லுக்குச் சொல் சண்டை பிடித்து மொழிபெயர்த்த மரபின் வாரிசுகள் நாம். ஒரு சொல்லைத் திறந்து பார்க்க இவ்வளவு பயப்படத் தேவையில்லை.

சொல் என்று வந்ததால் ஒன்று. 'ஓரினச்சேர்க்கை' என்பது செயலைக் குறிக்கும் சொல்; ஆளைக் குறிக்காது. சென்னை உயர் நீதிமன்றம் தூண்டியதால் தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கென ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. நாம் 'தன்பாலீர்ப்பு' என்று எழுதுகிறோம். பிரசங்கத்திலும் அதைச் சொல்லிப் பார்க்கலாம், வாய் வெந்துவிடாது.

எமக்கு மிகக் கனமாகத் தோன்றுவது இனி வருவதுதான். பாரம்பரியப் போதனை தன்பாலீர்ப்புக் கொண்டவரிடம் கேட்பது தனிமை வாழ்வு, கற்பொழுக்கம். அந்த வழியை மனமுவந்து ஏற்றவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2013இல் தொடங்கிய 'லிவிங் அவுட்' என்ற அமைப்பில் எவஞ்சலிக்கல் குருமார் சிலர், தமக்கு இந்த ஈர்ப்பு உண்டு, ஆனாலும் திருச்சபையின் பழைய போதனைப்படி வாழ்கிறோம் என்று பகிரங்கமாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய நேர்மையை எந்தத் தரப்பும் மதிக்கலாம். ஆனால் எமது சமூகத்தில் அந்த வழிகூடத் திறந்திருக்கிறதா?

முப்பது வயதாகியும் திருமணம் ஆகாத ஒரு மகனையோ மகளையோ எமது சபைகளில் யார் சும்மா விட்டார்கள்? கோவில் வாசலிலேயே சாத்தியமான சம்பந்தங்கள் பட்டியல் போடப்படும். அம்மா உபவாசம் இருப்பா. போதகர் வீட்டுக்கு வந்து ஜெபிப்பார். "கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று, விடயம் தெரிந்த ஒரு மாமாவே சொல்லுவார். யாழ்ப்பாணத்திலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒரு பெண் வருவாள். விசா, மண்டபம், நகை, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. இரண்டு ஆண்டுக்குள் அந்தப் பெண் ஏதும் விளங்காமல், தன்னில்தான் குறை என்று எண்ணிக்கொண்டு, இந்தக் குளிர் நாட்டில் ஒரு அறைக்குள் அழுதுகொண்டிருப்பாள். இது ஒரு தடவை நடந்த கதை அல்ல என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். தனிமை வாழ்வைப் போதிக்கும் சபை, தனியாக வாழ்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மேசையாவது வைத்திருக்க வேண்டும். வைக்காமல், பொய்க்குச் சாட்சி நிற்கும் திருமணத்தை நடத்திவைப்பது எந்த வேத வியாக்கியானத்தின்படியும் சரியாகாது. ஆசீர்வாத மன்றாட்டுகளை முற்றாக எதிர்க்கும் போதகர்கூட, பீடத்தின் முன் நிற்கும் மணமகனிடம் இந்தக் கேள்வியை முன்கூட்டியே தனியாகக் கேட்கலாம். கேட்க வேண்டும்.

அடுத்தது 'விடுதலை ஜெபம்'. ஒரு பிள்ளை வாயைத் திறந்து சொன்னதும், சில குடும்பங்கள் முதலில் தேடுவது பிசாசு ஓட்டும் கூட்டத்தைத்தான். தலையில் கை வைத்து, உரத்துக் கத்தி, விழுந்தால் விடுதலை என்று சாட்சி சொல்லவைத்து அனுப்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990 மே 17இல். ஈர்ப்பை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றைத் தடைசெய்யுமாறு 2017 யூலையில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கமே அரசிடம் கேட்டது. அரசு 2018இலேயே வாக்குறுதி கொடுத்தது. சட்டம் இன்னும் வரவில்லை. இதில் சென்னை முந்திவிட்டது. 2021 யூன் 7இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு இளம் பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில் அத்தகைய சிகிச்சைகளைத் தடைசெய்தார். தீர்ப்பிலும் பார்க்க அவர் செய்த இன்னொன்று எமக்குப் பிடித்தது. தமக்கு இந்த விடயம் விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, தீர்ப்புக்கு முன் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நீதிபதி போகலாம் என்றால் போதகரும் போகலாம்.

அகதியாக வந்த எமக்கு வேறு எவரையும்விட நன்றாக விளங்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எமது விண்ணப்பங்களை நிராகரித்த உள்துறை அமைச்சின் கடிதங்களில் அடிக்கடி இருந்த வரியின் சாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும்: யாழ்ப்பாணத்தில் ஆபத்தென்றால் கொழும்புக்குப் போய் இருக்கலாமே. யார் கண்ணிலும் படாமல், யார் என்று சொல்லாமல் இருந்துகொள் என்பதே அதன் பொருள். ஈரானிலிருந்தும் கமரூனிலிருந்தும் வந்த இரண்டு தன்பாலீர்ப்பாளர்களுக்கும் அமைச்சு அதையே சொன்னது: ஊருக்குத் திரும்பிப் போய் மறைவாக, அடக்கமாக வாழலாம். 2010 யூலை 7இல் பிரித்தானிய உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பயத்தினால் தன்னை மறைத்துக்கொண்டு வாழ வேண்டிய ஒருவரைத் திருப்பி அனுப்ப முடியாது என்றது. கொழும்பு விடுதி அறைகளில் பொலிஸ் பதிவுத் துண்டோடு இருந்த எவருக்கும் அந்தத் தீர்ப்பை விளக்கத் தேவையில்லை. அதே ஆட்கள் லூயிஷாமில் தம் பிள்ளையிடம், "என்னவாவது இரு, ஆனால் சபைக்கு முன்னால் காட்டாதே" என்று சொல்லும்போது அந்தக் கடிதத்தின் வரி தம் வாயிலிருந்து வருவதைக் கவனிப்பதில்லை.

திருச்சபை எதையும் மாற்றாது என்ற நம்பிக்கையும் வரலாறு அறியாத நம்பிக்கை. 1920இல் குடும்பக் கட்டுப்பாட்டை எதிர்த்த லம்பெத் மாநாடு 1930இல் அதற்கு வழிவிட்டது. விவாகரத்தானவர் கோவிலில் மறுமணம் செய்வதை இங்கிலாந்துத் திருச்சபை 2002இல் அனுமதித்தது. இயேசு நேரடியாகவே பேசிய விடயம் அது. யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்கில் இருப்பதா, ஒரே கிண்ணத்தில் பங்கெடுப்பதா என்பதற்கு எம் முன்னோர் பிடித்த சண்டைகளும், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் சம ஆசனத்துக்கு எழுந்த எதிர்ப்பும் இன்று பேசக் கூசும் கதைகள். அதனால் இந்த விடயத்திலும் மாறியே தீர வேண்டும் என்று வாதம் செய்ய முடியாது. பழைய மாற்றங்கள் புதிய மாற்றத்துக்கு ஆதாரம் ஆகிவிடா. 1998 லம்பெத் மாநாடு 526க்கு 70 என்ற வாக்கில் இந்த உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்றது. உலக அங்கிலிக்கன் மக்களில் பெரும்பாலானோர் இன்றும் அங்கேயே நிற்கிறார்கள், எமது சபை மக்களும் அப்படியே. ஆனால் அந்தத் தீர்மானத்தில் இன்னொரு பகுதியும் உண்டு: தன்பாலீர்ப்புக் கொண்டவர்களின் அனுபவத்தைச் செவிமடுப்போம் என்ற உறுதிமொழி. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. எமது சபைகளில் எத்தனை தடவை செவிமடுத்தோம்?

ஆகவே, திருமணத்தைப் பற்றி முடிவெடுங்கள் என்று எந்தத் தமிழ்ச் சபையையும் நாம் கேட்கவில்லை. அதில் எமக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. பொய்த் திருமணம் நடத்திவைப்பதில்லை, பிசாசு ஓட்டுவதில்லை, பிள்ளையை வீட்டைவிட்டு அனுப்பிய பெற்றோரைப் பார்த்துப் பேசாமல் இருப்பதில்லை, தாயகத்தில் 365ஆம் பிரிவை எடுக்கச் சொல்வதற்குப் பின்நிற்பதில்லை என்ற அளவுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம். இதற்குப் பொதுச் சங்கத்தின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவையில்லை. சபைக் குழுவின் ஒரு மாலைக் கூட்டம் போதும்.

மண்டபத்தை மாற்றுவது பற்றி ஒரு வார்த்தை. வாடகைக்கு இருப்பவர்களாக நாம் வானவில் ஒட்டுத்தாளைப் பார்த்து முணுமுணுக்கிறோம். வீட்டுக்காரராக ஆகும் வழி திறந்திருப்பதை அறியாமல் இருக்கிறோம். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சங்கத்துக்கு 2026இல் புதிய தேர்தல். பொதுநிலையினரின் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் டீனரிச் சங்க உறுப்பினர்கள். லூயிஷாம் பகுதியில் கிழக்கு லூயிஷாம், மேற்கு லூயிஷாம், டெப்ற்ஃபோர்ட் என மூன்று டீனரிகள். அந்த உறுப்பினர்களை ஒவ்வொரு பங்கும் தன் வருடாந்தக் கூட்டத்தில் தெரிவுசெய்யும். அதில் வாக்களிக்க, பங்கின் வாக்காளர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். திருமுழுக்குப் பெற்றிருந்து, இங்கிலாந்துத் திருச்சபையிலோ அதனோடு ஐக்கியத்தில் உள்ள சபையிலோ உறுப்பினராக இருந்து, அந்தப் பங்கின் எல்லைக்குள் வசித்தால் போதும். அல்லது ஆறு மாதமாக அங்கே ஆராதித்திருந்தால் போதும். இலங்கைத் திருச்சபையும் தென்னிந்தியத் திருச்சபையும் அந்த ஐக்கியத்தில் உள்ளவை. விண்ணப்பப் படிவம் ஒரு பக்கம்தான். கோவிலின் பதிவேட்டு அலுவலரிடம் கேட்டால் தருவார். கூட்டத்துக்குப் பதினைந்து நாளைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பதினாறு வயதானவர்களும் பதியலாம். ஒளிவிழாவில் மேய்ப்பர் வேடம் போடும் மூத்த பிள்ளைகளில் சிலருக்கு அந்த வயது வந்திருக்கும்.